கௌரவப் பட்டம்: யார் தருகிறார், யார் பெறுகிறார்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவை முன்னிட்டுக் கண்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "பெண் கல்வியின் நூறு ஆண்டுகள்" என்று பேசலாமே என்றார். அதை என்னைவிட நன்றாகப் பேசக் கூடியவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறார்கள். நான் பல ஆண்டுகள் பல்கலைக்கழக நிருவாகத்தில் வேலை செய்தவள். மூதவைக் கூட்டங்களில் ஓரமாக அமர்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. எனக்குத் தெரிந்த ஒரு விடயத்தைப் பற்றியே பேசுகிறேன் என்று கேட்டு அனுமதி வாங்கினேன்.

யாருக்காவது கௌரவ கலாநிதிப் பட்டம் கிடைத்ததென்று பத்திரிகையில் செய்தி வந்தால் அன்று மாலையே எனக்குத் தொலைபேசி அழைப்பு வரும். "இது எப்படிக் கிடைக்கிறது? எங்கே விண்ணப்பிப்பது?" என்று கேட்பார்கள். நான் எப்போதும் இரண்டு பதில் சொல்வேன். ஒன்று, இதற்கு விண்ணப்பிக்க முடியாது. இரண்டு, யாராவது எழுதிக் கொடுக்காமல் இது வரவும் வராது. இந்த இரண்டு பதிலையும் விளக்குவதுதான் இன்றைய என் பேச்சு.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். படித்து, பரீட்சை எழுதி, ஆய்வேடு சமர்ப்பித்துப் பெறுவது ஒரு பட்டம். இவை எதுவும் இல்லாமல், ஒருவருடைய வாழ்நாள் பணியை மதித்துப் பல்கலைக்கழகம் தானாக முன்வந்து கொடுப்பது கௌரவப் பட்டம். இந்த வழக்கம் மிகப் பழையது. ஒக்ஸ்ஃபோர்ட்டில் 1470களின் இறுதியிலேயே இப்படி ஒரு பட்டம் கொடுக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. பெற்றவர் லயனல் வுட்வில். அவர் அன்றைய அரசியின் சகோதரர். ஆக, தொடக்கத்திலேயே இந்தப் பட்டத்தில் மதிப்பும் இருந்தது, செல்வாக்கும் கலந்திருந்தது. இன்றுவரை இரண்டையும் பிரிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெண்கள் என்ற வகையில் நமக்கு இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே படித்தார்கள், பரீட்சையும் எழுதினார்கள். ஆனால் 1921இலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது பெயரளவுப் பட்டம் மட்டுமே. முழு உரிமையுள்ள பட்டம் 1948இல்தான் வந்தது. அந்த ஆண்டு அங்கே முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண் யார் தெரியுமா? அங்கே பல ஆண்டுகள் படித்த மாணவி அல்ல. அன்றைய எலிசபெத் மகாராணி. அதுவும் கௌரவப் பட்டம். ஒக்ஸ்ஃபோர்ட்டிலும் பெண்ணொருவருக்குக் கிடைத்த முதல் கௌரவப் பட்டம் 1921இல் மேரி மகாராணிக்குத்தான்.

நம்முடைய இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியபோது பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே பட்டம்தான். 1940களின் நடுவில் இங்கே பட்டம் பெற்ற பெண்ணொருத்திக்கு, அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் படித்த பெண்ணுக்கு இல்லாத உரிமை இருந்தது. அந்தப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்து, 1954 ஏப்ரலில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. திறந்துவைத்தவர் நான் இப்போது சொன்ன அந்த மகாராணியின் மருமகன், எடின்பரோ கோமகன். ஹந்தானை மலையடியில் சங்கமித்தை விடுதியிலும் ஹில்டா ஒபேசேகர விடுதியிலும் தங்கிப் படித்த அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் உழைத்துப் பெற்ற பட்டத்தின் பெறுமதி உங்களுக்குத் தெரியும். அதனால்தான், உழைத்துப் படிக்காமல் ஒருவருக்கு அதே மேடையில் பட்டம் கொடுக்கும்போது, "ஏன்?" என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

இனி, நடைமுறை. நம் நாட்டின் பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி இயங்குகின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் கல்வி விடயங்களுக்குப் பொறுப்பானது மூதவை. பீடாதிபதிகள், துறைத் தலைவர்கள், பேராசிரியர்கள் அதில் இருப்பார்கள். நிருவாகத்துக்குப் பொறுப்பானது பேரவை. அதில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியுறுப்பினர்களும் இருப்பார்கள். இரண்டுக்கும் மேலே, ஜனாதிபதி நியமிக்கும் வேந்தர்.

கௌரவப் பட்டத்துக்கான பெயர் பொதுவாக ஒரு துறையிலிருந்தோ பீடத்திலிருந்தோ புறப்படும். முன்மொழிபவர், அவர் யார், என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன பயன் விளைந்தது, எந்தப் பட்டம் பொருத்தம் என்று எழுத வேண்டும். மூதவையின் சிறு குழு ஒன்று அதைப் பார்க்கும். பிறகு மூதவை ஆராய்ந்து பரிந்துரைக்கும். பேரவை அங்கீகரிக்கும். அதன் பின்னரே உரியவருக்குக் கடிதம் போகும்: "உங்களைக் கௌரவிக்க விரும்புகிறோம், ஏற்றுக்கொள்வீர்களா?" என்று. அவர் ஆம் என்றால் பட்டமளிப்பு விழாவில் அவருடைய பணியைப் பற்றிய பாராட்டுரை வாசிக்கப்படும். வேந்தர் பட்டத்தை வழங்குவார்.

கடிதம் போகும் வரை எல்லாம் இரகசியம். உரியவருக்கே தெரியக் கூடாது. பெயர் நிராகரிக்கப்பட்டால் அவருக்கு அவமானம் வரக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதன் மறுபக்கத்தைப் பிறகு சொல்கிறேன்.

எந்தக் கடுமையான முறையிலும் தவறு நேரும். 1985இல் ஒக்ஸ்ஃபோர்ட், தன் பழைய மாணவியும் பிரதமருமான மார்கிரட் தட்சருக்குப் பட்டம் கொடுப்பதா என்று வாக்கெடுத்தது. 738 பேர் எதிர்த்தார்கள், 319 பேர் ஆதரித்தார்கள். கல்விக்கான நிதியை வெட்டியவருக்கு நாங்கள் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். எடின்பரோ பல்கலைக்கழகம் 1984இல் ரொபர்ட் முகாபேக்குக் கொடுத்த பட்டத்தை 2007இல் திரும்பப் பெற்றது. கொடுத்ததைப் பறிப்பதைவிடக் கொடுக்கும்போதே யோசிப்பது நல்லது என்று நினைத்தோ என்னவோ, அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்கள் கௌரவப் பட்டமே வழங்குவதில்லை.

இன்னொரு பக்கம், நன்கொடைக்கும் பதவிக்கும் கொடுக்கப்படும் பட்டங்கள். அதையும் தாண்டி, கட்டணத்துக்குக் கொடுக்கப்படும் பட்டங்கள். 2023 பெப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக மண்டபத்தில் ஒரு தனியார் அமைப்பு திரைத்துறையினர் உட்படப் பலருக்குக் "கௌரவ டாக்டர்" பட்டம் கொடுத்தது. இதற்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் பொலிசில் முறைப்பாடு செய்தது. வாங்கியவர்களில் சிலர் ஏமாந்து நின்றார்கள். நம் நாட்டிலும் ஹோட்டல் மண்டபங்களில், பெயரில் "சர்வதேச" என்ற சொல்லைக் கொண்ட ஏதோ ஒரு நிறுவனம் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிவிடுவதைப் பார்க்கிறோம். இங்கே இருப்பவர்களுக்கும் வெளிநாடுகளில் இந்த மலரை வாசிக்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: பட்டம் தர முன்வருபவர் உங்களிடம் ஒரு சதமேனும் கேட்டால், அது பட்டமல்ல, விற்பனை. மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த நிறுவனமா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

பெற்றவர்கள் பெயருக்கு முன்னால் "கலாநிதி" என்று போடலாமா என்றும் கேட்பார்கள். போடாமல் இருப்பதே பல நாடுகளின் மரபு. ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜோன்சன் வறுமையால் ஒக்ஸ்ஃபோர்ட் படிப்பை இடையில் விட்டவர். பிற்காலத்தில் டப்ளினும் ஒக்ஸ்ஃபோர்ட்டும் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தன. உலகம் அவரை "டாக்டர் ஜோன்சன்" என்றே அறியும். அவரோ தன்னை "மிஸ்டர் ஜோன்சன்" என்றே சொல்லிக்கொண்டார்.

இப்போது நம்மவர்களைப் பார்ப்போம். தமிழில் இந்தப் பட்டம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு உதாரணங்கள் உண்டு. ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிச் சங்க நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவரல்லர். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அவருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கியது. திருநெல்வேலி சைவாசிரிய கலாசாலையில் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களை உருவாக்கிய பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையும் பல்கலைக்கழகப் படியேறிப் படித்தவரல்லர். 1978இல் அவருக்கு அதே பட்டம் கிடைத்தது. நம் பெண்களில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி. பாடசாலை ஆசிரியையாக இருந்து, தெல்லிப்பழை துர்க்கையம்மன் ஆலயத்தை வளர்த்து, ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவரைக் கலாநிதியாக்கியது.

இந்த மூவரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பல்கலைக்கழகத்துக்கு வெளியே உருவான அறிவு அவர்களுடையது. அதையும் அறிவென்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. கௌரவப் பட்டத்தின் உண்மையான பொருள் இதுதான் என்பது என் எண்ணம். ஏற்கெனவே உயரத்தில் இருப்பவருக்கு இன்னொரு மாலை போடுவதில் பல்கலைக்கழகத்துக்குப் பெருமை ஒன்றுமில்லை. தன் மதிலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தான் பார்த்திருப்பதைச் சொல்வதில்தான் பெருமை.

அப்படிப் பார்த்தும் அளவு தவறுவதுண்டு. டொமினிக் ஜீவாவை உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. யாழ்ப்பாணத்தில் சலூனில் முடி திருத்திக்கொண்டே எழுதினார். அவருடைய சிறுகதைத் தொகுதிக்கு அறுபதுகளின் தொடக்கத்திலேயே சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் தொடங்கிய "மல்லிகை"யை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். நம் மலையக எழுத்தாளர்கள் பலருக்கும் அது களம் கொடுத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முதுமாணிப் பட்டம் தர முன்வந்தது. அவர் ஏற்க மறுத்தார். ஏன் முதுமாணி, ஏன் கலாநிதி அல்ல என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. படித்துப் பெறும் பட்டத்தில் படிநிலை வேண்டும். ஒரு மனிதரின் முழு வாழ்க்கையை எடைபோட்டு, அதில் இரண்டாம் படி இவருக்கு என்று சொல்ல எந்தச் சபைக்கு முடியும்? "ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்கும் கடிதத்துக்கு "இல்லை" என்பதும் ஒரு பதில்தான் என்பதை அவர் காட்டினார்.

இனி, நான் சொல்ல வந்த விடயம். இதை எந்த இடத்தில் நடந்தது என்று சொல்லப் போவதில்லை. யார் என்றும் சொல்லப் போவதில்லை.

நான் குறிப்பெடுத்த காலத்தில் ஒருநாள் ஒரு முன்மொழிவு வந்தது. ஒன்றரைப் பக்கம். மலையகத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படிப்பித்த ஆசிரியை ஒருவருக்காக. தோட்டப் பாடசாலை என்றால் என்னவென்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை அவை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதற்கு மேல் படிப்பதென்றால் மலையிறங்கி வேறு ஊருக்குப் போக வேண்டும். பெண் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். பத்து, பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடை முதுகில் ஏறிவிடும். இந்த ஆசிரியை மாலையில் லயம் லயமாகப் போய்த் தாய்மாரோடு கதைத்து, பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்பவைத்தவர். சிலரைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தாராம்.

"ராம்" என்றுதான் முன்மொழிவிலும் இருந்தது. அதுதான் சிக்கல். எத்தனை பிள்ளைகள்? எந்த ஆண்டுகளில்? அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? ஆசிரியை ஏதாவது எழுதியிருக்கிறாரா? விருதுகள்? எந்தச் சங்கத்திலாவது பதவி? பத்திரிகைச் செய்தி? கூட்டத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். அதே கூட்டத்தில் வந்த வேறொரு பெயருக்கு முப்பது பக்கக் கோப்பு, புகைப்படங்கள், சான்றிதழ்கள், இரண்டு அமைச்சர்களின் கடிதங்கள் எல்லாம் இருந்தன. ஆசிரியைக்கு ஒன்றரைப் பக்கம். "மேலதிக விபரங்கள் கிடைக்கும்வரை ஒத்திவைக்கப்படுகிறது" என்று நானே என் கையால் எழுதினேன்.

அந்த ஆசிரியையிடம் படித்த இருவரை எனக்குத் தெரியும். ஒருவர் தாதி, மற்றவர் ஆசிரியை. ஒரு தொலைபேசி அழைப்பு போதும், பத்துப் பேரைச் சேர்த்து விபரம் வாங்கியிருக்கலாம். ஆனால் நான் இரகசியம் காக்க வேண்டிய இடத்தில் இருந்தேன். முன்மொழிந்த விரிவுரையாளரோ அடுத்த ஆண்டு வெளிநாடு போய்விட்டார். கோப்பு அலுமாரியில் கிடந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஒரு காலைப் பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்த்தேன். நான்கு அங்குலம். "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்று மட்டும் இருந்தது. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

விதியை மீறியிருக்க வேண்டும் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் முன்மொழிந்தவரிடம், "ஐயா, இவருடைய பழைய மாணவர்களிடம் விபரம் கேளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த விதியும் தடையல்ல. சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என் குறை.

அவருக்குப் பட்டம் கிடைத்திருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும்? அநேகமாக ஒன்றுமில்லை. ஒரு நாள் மேடையில் கூச்சத்தோடு நின்றிருப்பார். ஆனால் அந்தப் பாராட்டுரை வாசிக்கப்பட்டிருக்கும். லயம் லயமாக நடந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்து வந்ததும் கல்விப் பணிதான் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் புதுப் பட்டதாரிகளில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் அதைக் கேட்டிருப்பாள். இழந்தது அதைத்தான்.

எனவே இந்தச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூறு ஆண்டுகளில் நம் கல்லூரி எத்தனையோ ஆசிரியைகளை, தாதிகளை, மருத்துவச்சிகளை, கிராமத்திலும் தோட்டத்திலும் பெயர் தெரியாமல் வேலை செய்த பெண்களை அனுப்பியிருக்கிறது. அவர்களைப் பற்றி நாம் கதைக்கிறோம். எழுதுவதில்லை. "அந்த மிஸ் இல்லாவிட்டால் நான் இல்லை" என்று ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் சொல்கிறோம். அந்த மிஸ்ஸின் முழுப்பெயர் என்ன, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை கற்பித்தார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டுத் தொகுதியும் ஒருவரைத் தெரிந்தெடுங்கள். நான்கு பக்கம் எழுதுங்கள். முழுப்பெயர், ஊர், வேலை செய்த இடங்கள், ஆண்டுகள். அவரால் வாழ்க்கை மாறிய ஐந்து பேரின் சொந்தக் கையெழுத்தில் ஐந்து கடிதங்கள். இருந்தால் ஒரு புகைப்படம். புகழ்ச்சி வேண்டாம். மூதவை புகழ்ச்சியை வாசிப்பதில்லை, அதை நான் பார்த்திருக்கிறேன். "அளப்பரிய சேவை" என்று எழுதினால் தாண்டிப் போய்விடுவார்கள். "1968இல் ஐந்தாம் வகுப்பில் 4 பெண் பிள்ளைகள், 1980இல் 23" என்பது போல எழுதிப் பாருங்கள், கண் அங்கே நிற்கும். இயன்றவரை அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். அவரிடமே கேட்டு எழுதலாம், அதற்குக் காரணம் மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரு பிரதி கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் பழைய மாணவியர் கணினியில் ஏற்றித் தரலாம். நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் நம் மாணவி ஒருத்தி தன் பீடத்தில் பெயரொன்றை முன்மொழிய நினைத்தால், அவளுக்கு ஒன்றரைப் பக்கத்தோடு போக வேண்டியிராது. பட்டம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அது மூதவையின் கையில். எழுதி வைப்பது நம் கையில்.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, உங்களில் பலர் பட்டம் பெறுவீர்கள். உழைத்துப் பெறுங்கள், அதற்கு மாற்றில்லை. அந்த நாளில் மேடையில் வயதான ஒருவருக்குக் கௌரவப் பட்டம் கொடுக்கப்பட்டால், தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டுப் பாராட்டுரையைக் கவனமாகக் கேளுங்கள். அது தகுதியானவருக்குப் போனதா என்று உங்களுக்கே தெரியும். போகவில்லை என்று தோன்றினால், யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைத்து, வீட்டுக்குப் போய் அந்தப் பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

நானும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அந்தத் தாதியையும் ஆசிரியையையும் தேடிப் பிடித்துவிட்டேன். இதுவரை மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. இன்னும் இரண்டு வர வேண்டும். காலம் கடந்த வேலைதான். ஆனாலும் நம் நூலகத்துக்கு நான் கொடுக்கும் முதல் நான்கு பக்கம் அவருடையதாக இருக்கும்.